மருந்து இல்லை, சத்து

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியை முழங்கால் வலிக்காரர்களுக்கு விட்டுவிட்டு, மற்றவர்கள் என் பக்கம் நெருங்கி வாருங்கள். இன்றைக்கு ஒரு கல்யாணக் கதை வைத்திருக்கிறேன். கல்யாணம் என்றதும் நகையும் புடவையும் சம்பந்தி சண்டையும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு வயிற்றின் கதை. வயிறு ஒரு பக்கம் இழுக்க, மனசு இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் நின்ற ஒரு தாயின் கதை. சிரித்துக்கொண்டே கேட்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு.

சிங்கப்பூரில், பொங்கோலில் ஒன்பதாவது மாடியில் சரஸ்வதி என்று ஒருத்தி. வயது ஐம்பத்தாறு. கணவர் சுப்பிரமணியம் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் அனுப்ரியா வங்கியில் வேலை பார்க்கிறாள். சரஸ்வதி தேக்காவில் ஒரு தையல்கடையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள்.

போன வருடம் ஒரு நாள் வேலை முடிந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தாள். நல்ல கூட்டம். வுட்லீ தாண்டியதும் வயிற்றைப் பிசைந்தது. அடுத்த ஸ்டேஷன் சிராங்கூன். அதற்குள் தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றாள். தாங்கியது. இறங்கி ஓடினாள், போய்ச் சேர்ந்தாள், அவமானம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மனசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ரயில் கதவு மூடினாலே நெஞ்சு படபடக்கும். நெஞ்சு படபடத்தால் வயிறு கலங்கும். வயிறு கலங்கினால் நெஞ்சு இன்னும் படபடக்கும். எது முதலில், எது பிறகு என்று அவளுக்கே தெரியவில்லை. வேலையை விட்டாள். ரயிலை விட்டாள். எந்தக் கடைத்தொகுதியில் கழிப்பறை எந்த மாடியில், எங்கே வரிசை நிற்கும், எங்கே எத்தனை மணிக்குக் கழுவ மூடுவார்கள் என்று மனப்பாடமாக வைத்திருந்தாள். சிங்கப்பூர் முழுவதும் அவளுக்குக் கழிப்பறைகளாலான வரைபடம்தான். அதில் இல்லாத இடத்துக்கு அவள் போவதில்லை.

இந்த நிலையில் அனுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெயர் ரித்திக், நல்ல பிள்ளை. ஆவணி மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில். எல்லாம் சரி. ஒன்று மட்டும்தான் சரஸ்வதிக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மணவறையில் பெண்ணைப் பெற்றவர்கள் உட்கார வேண்டும். அப்பா பெண்ணின் கையை ஏந்த, அம்மா செம்பிலிருந்து நீர் வார்த்துக் கொடுக்க வேண்டும். சடங்கு தொடங்கினால் முடிய ஒன்றரை மணி நேரம். ஐந்நூறு பேர் பார்க்க, நடுவில் எழுந்து போக முடியாது.

"என்னால முடியாதுங்க," என்றாள் ஒரு நாள் மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே. "லட்சுமி அண்ணியும் அவங்க வீட்டுக்காரரும் நமக்குப் பதிலா உக்காரட்டும். நான் மண்டபத்துலதான் இருப்பேன். வாசல் பக்கமா நின்னு பாக்குறேன்."

லட்சுமி என்பது சுப்பிரமணியத்தின் அக்கா, செங்காங்கில் இருப்பவள். சுப்பிரமணியம் ரசத்தைக் கையில் ஏந்தியபடி நிமிர்ந்தார்.

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். எனக்கு மட்டும் வயிறு இல்லையா? அடக்கிக்கிட்டு ஓட்டலையா?"

"உங்களுக்கு வழி முடியுற எடத்துல இன்டர்சேஞ்ச் இருந்துச்சு, அங்க கழிப்பறை இருந்துச்சு. மணவறைக்கு ஏதுங்க இன்டர்சேஞ்ச்?"

சுப்பிரமணியம் ரசத்தைக் குடித்துவிட்டார்.

அனுப்ரியா கோபப்படவில்லை. அதுதான் சரஸ்வதிக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை ஊத்தினா அது வெறும் தண்ணிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அரசாங்க பாலிகிளினிக்குக்குப் போகாமல் இல்லை, கண்ணுகளா. போனாள். டாக்டர் ஒரு சின்ன சீனப் பெண், பொறுமையானவள். ரத்தம் எடுத்தாள், எல்லாப் பரிசோதனையும் செய்தாள், ஒன்றும் பெரிய கோளாறு இல்லை என்றாள். குடலும் மூளையும் நாள் முழுக்கப் போனில் பேசிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு அந்த லைனில் கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான் என்று கைகளால் காட்டி விளக்கினாள். பிறகு, "மெடிசின் ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ மெடிசின், டாக்டர்," என்றாள் சரஸ்வதி.

அவள் பொய் சொல்லவில்லை. அதைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன நடந்ததென்றால், வீட்டில் ஒருவர் கஷ்டப்பட்டால் நாம் சும்மா இருப்போமா? அனுப்ரியா இணையத்தில் தேடி, வயிற்றுக்கும் மனசுக்கும் சேர்த்தே வேலை செய்யும் என்று ஒரு கேப்சூலை வரவழைத்தாள். அதில் குடலுக்கு உதவும் நல்ல கிருமியும் இருந்தது, தாதுச்சத்தும் இருந்தது. சுப்பிரமணியத்தின் பழைய பஸ் நண்பர் ஒருவர் எலுமிச்சை வாசமுள்ள ஒரு பவுடரை விற்றார். வெந்நீரில் கலக்கிக் குடித்தால் படபடப்பு அடங்கும் என்றார். லட்சுமி மலேசியாவுக்கு, ஜோகூர் போன இடத்தில் வெள்ளை மாத்திரை ஒரு பாட்டில் வாங்கிவந்து, "நரம்புக்கு நல்லது, சரசு" என்று கையில் திணித்தாள். சரஸ்வதி மூன்றையும் சாப்பிட்டாள். யார் அன்பை ஒதுக்குவது? ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியும்தான். சத்துதானே, கூடினால் என்ன என்று எல்லோரும் இருந்தார்கள். மூன்று மாதத்தில் வயிறு தேறவில்லை, இன்னும் இளகியது. பத்தவில்லை போலிருக்கிறது என்று சுப்பிரமணியம் பவுடரை ஒரு கரண்டியிலிருந்து இரண்டு கரண்டியாக்கினார்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது கூறைப்புடவை எடுக்க லிட்டில் இந்தியாவுக்குப் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், டாக்சியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள் சரஸ்வதி. கடையில் மூன்றாவது புடவையை விரிக்கும்போதே வயிறு கூப்பிட்டுவிட்டது. அந்தக் கடையில் கழிப்பறை பழுது. இரண்டு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கவுண்டரில் வெள்ளைக் கோட்டும் பழுப்பு முக்காடுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் ஜைனப். நாற்பது வயது இருக்கும். சரஸ்வதியின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. "ஊழியர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்த கதவைத் திறந்துவிட்டு, "நேரா போயி இடது பக்கம், அக்கா. விளக்கு சுவிட்ச் வெளிய இருக்கு," என்றாள்.

பத்து நிமிடம் கழித்து வெளியே வந்த சரஸ்வதிக்கு வெட்கம் தாங்கவில்லை. சும்மா போகக் கூடாது என்று எதையாவது வாங்க நினைத்தாள். அலமாரியில் வயிற்றுப் படம் போட்ட ஒரு டப்பா கண்ணில் பட்டது.

"இது ஒண்ணு குடும்மா. நல்ல கிருமிதானே?"

"நல்ல கிருமிதான். குடுக்குறேன். அதுக்கு முன்னாடி, வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க, அக்கா?"

"மருந்தா? ஒண்ணும் இல்லம்மா."

ஜைனப் தலையசைத்துவிட்டு டப்பாவை எடுத்தாள். சரஸ்வதி கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பி. பயணத்துக்கென்று எடுத்துவந்த வெள்ளை மாத்திரைகள் அதில் கலகலவென்று உருண்டன.

"அப்ப இது என்ன?"

"இது மருந்து இல்லம்மா. சத்து."

ஜைனப்பின் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தாள், கேலியாக இல்லை, தன்னைத் தானே குட்டிக்கொள்கிற மாதிரி. "எங்க உம்மாவும் இதேதான் சொல்லுவாங்க. பதினஞ்சு வருஷமா இந்தக் கவுண்டர்ல நிக்கிறேன், இன்னும் புத்தி வரல பாருங்க. தப்பான கேள்வி கேட்டுட்டேன். திருப்பிக் கேக்குறேன். சத்துன்னு சொல்லி என்னென்ன சாப்பிடுறீங்க?"

சரஸ்வதி மணலைக் கொட்டுகிற மாதிரி சொன்னாள். காலையில் கேப்சூல், மத்தியானம் மாத்திரை, சாயங்காலம் பவுடர். ஜைனப் புதிய டப்பாவைப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் விக்கமாட்டேன். நாளைக்கு எல்லா பாட்டிலையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. கழிப்பறைக் கதவு திறந்தே இருக்கும்."

மறுநாள் பாட்டில்கள் வந்தன, அவற்றைக் கொடுத்தவர்களோடு. சுப்பிரமணியம் பவுடர் டப்பாவை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையிலும் பிடித்திருந்தார். அனுப்ரியா அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். லட்சுமி செங்காங்கிலிருந்து தன் மாத்திரைக்கு வக்கீலாகவே வந்திருந்தாள்.

"என்னோடது நரம்புக்கு," என்றாள் லட்சுமி. "வயித்துப் பக்கமே போகாது."

"என்னோடது ரிவியூ நாலு புள்ளி எட்டு, அத்தை."

"ரிவியூ எழுதினவன் வயிறும் உங்கம்மா வயிறும் ஒண்ணா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க லா," என்றார் சுப்பிரமணியம். "என் பவுடர்ல வெறும் எலுமிச்சம்பழம்தான்."

ஜைனப் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்றையும் பின்பக்கம் திருப்பி வரிசையாக வைத்தாள். பொடி எழுத்து. ஒரு பேனாவால் மூன்றிலும் ஒரே வார்த்தைக்குக் கீழே கோடு போட்டாள்.

"வாசிங்கம்மா," என்றாள் அனுப்ரியாவிடம்.

"மெக்னீசியம்," என்று வாசித்தாள் அனுப்ரியா. அடுத்ததைப் பார்த்தாள். "மெக்னீசியம்." மூன்றாவதை அவள் சத்தமாக வாசிக்கவில்லை.

"உடம்புக்கு வேண்டிய சத்துதான், கெட்டது இல்ல," என்றாள் ஜைனப். "ஆனா அளவுக்கு மேல போனா வயித்தை இளக்கிவிட்டுரும். மலச்சிக்கல்னு வர்றவங்களுக்கு நாங்க இதையேதான் குடுக்குறோம். அக்கா மூணு பேர்ட்டயும் வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க."

சுப்பிரமணியத்தின் காது சிவந்துவிட்டது. இரண்டு கரண்டி அவருடையது அல்லவா. லட்சுமி முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள். சரஸ்வதி அவர்கள் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எல்லாரும் சேந்து என்னை நல்லா கவனிச்சிருக்கீங்க," என்றாள்.

ஜைனப் ஒரு தாளில் மூன்று பெயரும் அளவும் எழுதி, டாக்டரிடம் காட்டச் சொன்னாள். "அவங்க மெடிசின்னு கேட்டாலும் சப்ளிமென்ட்னு கேட்டாலும் இந்தத் தாளைக் குடுத்துருங்க. நல்ல கிருமி மட்டும் உள்ளது வேணும்னா டாக்டர் சரின்னு சொன்ன பிறகு வாங்க. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. ஒரு மாசம் பாத்துட்டு, பலன் இல்லைன்னா விட்டுறலாம்."

"அந்த கேப்சூல் உறை எதுல செஞ்சதும்மா? வெள்ளி, செவ்வாய் நான் சுத்த சைவம்."

"அதை உங்களுக்கு முன்னாடியே நான் பாத்தாச்சு, அக்கா. நீங்க ஒரு காரணத்துக்குப் பாக்குறீங்க, நான் ஒரு காரணத்துக்குப் பாக்குறேன். ரெண்டு பேருக்கும் தோதானது ஒண்ணு இருக்கு. செடியில செஞ்ச உறை. மாடும் இல்ல, பன்னியும் இல்ல."

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாளாம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். நல்ல கிருமிக்கு மட்டும் சரி என்றாள். ஒரே வாரத்தில் வயிறு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

கதை இங்கேயே முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள். வயிறு அடங்கிய சேதி மனசுக்குப் போய்ச் சேரவில்லை. ரயிலை நினைத்தால் அதே படபடப்பு. மணவறையை நினைத்தாலும் அப்படித்தான். "இப்பவும் அண்ணியே உக்காரட்டும்," என்றுதான் சொன்னாள். அதைக் கேட்ட டாக்டர் ஒரு ஆலோசகரிடம் அனுப்பினாள். அந்த அம்மாள் சொன்னது ஒன்றே ஒன்று. மனசுக்கு வாயால் சொன்னால் ஏறாது, காலால் நடந்து காட்டு. முழு வழியும் வேண்டாம், ஒரே ஒரு ஸ்டேஷன் போதும்.

முதல் நாள் பொங்கோலில் ஏறிச் செங்காங்கில் இறங்கினாள். மூன்றே நிமிடம். லட்சுமி பிளாட்பாரத்தில் பிளாஸ்க்கோடு நின்றாள். அந்த வாரம் முழுவதும் அவ்வளவுதான். அடுத்த வாரம் ஹவ்காங். பிறகு கோவன். சிராங்கூனுக்கும் வுட்லீக்கும் நடுவில் வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினாள்; வுட்லீ வந்தது, கதவு திறந்தது, அவள் இறங்கவில்லை. போத்தோங் பாசிரில் இறங்கி மகளுக்குப் போன் செய்தாள். ஸ்டேஷன் பெயரை மட்டும் சொன்னாள். அனுப்ரியாவுக்கு அது புரிந்தது.

வீட்டில் காலையில் மணவறை ஒத்திகை. கூடத்தில் இரண்டு பலகை போட்டு இருவரும் உட்காருவார்கள். முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு நாற்பது. ஐயர் இல்லையே என்று சுப்பிரமணியமே மந்திரம் சொன்னார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவருடைய பழைய பஸ் வழித்தடத்தின் ஸ்டாப் பெயர்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு ராகமாக இழுப்பார்: "பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்புறம்... பெட்ரோல் நிலையத்துக்கு முன்புறம்... சமூக மன்றத்துக்குப் பின்புறம்..."

"ஒரு ஸ்டாப்பை விட்டுட்டீங்க," என்பாள் சரஸ்வதி.

"அங்க யாராவது மணி அடிச்சாத்தான் பஸ் நிக்கும்."

ஆலோசகரா, காலையில் விழுங்கிய நல்ல கிருமியா, பலகையா, பஸ் மந்திரமா, எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஜைனப்பே சொல்ல முடியாது என்றுதான் சொன்னாள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால், எதிரில் உட்கார்ந்து காபி குடித்த லட்சுமியிடம் சரஸ்வதி, "அண்ணி, உங்களுக்கு அன்னிக்கு முன்வரிசையில நாற்காலி போடச் சொல்லிட்டேன்," என்றாள். லட்சுமி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லதாப் போச்சு. எனக்கு முட்டி வலி, எவ தரையில உக்காருவா," என்றாள். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தை சரஸ்வதி ஏற்கெனவே மூன்று தடவை போய் அளந்திருந்தாள். பழக்கம் விடுமா? மல்லிகை வாசமும் நாதஸ்வரமுமாக மணவறையில் உட்கார்ந்தாள். ஐந்நூறு முகம். கேமரா விளக்கு. ஐயர் மந்திரத்தைத் தொடங்கியதும் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்புறம்..." என்றது. அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

நீர் வார்க்கும் நேரம். ஐயர் கையை உயர்த்தினார், மேளம் நின்றது, மண்டபம் அடங்கியது. அந்த அமைதியில், கடகடவென்று ஒரு சத்தம். வண்டி கல்லில் ஏறின மாதிரி ஒரு வயிற்றுச் சத்தம். முன்வரிசை முழுவதும் சரஸ்வதியைத்தான் பார்த்தது. லட்சுமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். சரஸ்வதி தன் வயிற்றைப் பார்த்தாள். அது அமைதியாக இருந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா முகம் வெளுத்துப்போய், நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. அவர் லேசாகக் குனிந்தார்.

"சம்பந்தி அம்மா," என்றார் மெதுவாக. "தப்பா நெனைக்காதீங்க. இங்க டாய்லெட் எங்க இருக்கு?"

சரஸ்வதிக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "உங்களுக்குப் பின்னாடி வாழைமரம் இருக்குல்ல, அதை ஒட்டினாப்புல ஒரு சின்ன கதவு. கூட்டத்துக்குள்ள போக வேணாம். நேரா பதினாறு அடி, வலது பக்கம். முதல் அறையில தாழ்ப்பாள் விழாது, ரெண்டாவதுக்குப் போங்க. நிதானமா வாங்க, நாங்க எங்கயும் போகமாட்டோம்." பிறகு ஐயர் பக்கம் திரும்பினாள். "சாமி, இன்னொரு மந்திரம் நீளமா இருந்தாச் சொல்லுங்க."

ஐயர் அனுபவஸ்தர். சொன்னார். சம்பந்தி ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தபோது முகத்தில் களை வந்திருந்தது. சுப்பிரமணியம் மகளின் கையை ஏந்தினார். சரஸ்வதி செம்பைச் சாய்த்தாள். அவள் கை நடுங்கவில்லை. அம்மா வார்த்த தண்ணீர் மகளின் விரல்களில் வழிந்து ரித்திக்கின் கையில் விழுந்தது. அனுப்ரியா தலையை நிமிர்த்தாமலே, "தேங்க்ஸ்மா," என்றாள். கெட்டிமேளம் கொட்டியது.

பந்தியில் சம்பந்தி வெறும் மோர்சாதம் மட்டும் கேட்டு வாங்கி, சரஸ்வதிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா இப்படித்தான், அம்மா. கல்யாண டென்ஷன்னு நெனைக்கிறேன்."

"மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா, அண்ணே?"

"மருந்தெல்லாம் நான் தொடறதே இல்ல."

சரஸ்வதி இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினாள். நாலு இலை தள்ளி, விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்த ஜைனப்பைப் பார்த்தாள். ஜைனப் மைசூர்பாகை வாயில் வைத்தபடியே கண்ணைக் காட்டினாள்.

"சரி, அண்ணே," என்றாள் சரஸ்வதி. "சத்துன்னு என்னென்ன சாப்பிடுறீங்க?"

அவ்வளவுதான் கதை, என் கண்ணுகளா. பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு உலை பொங்கட்டும்; சாப்பிட்டது செரிக்கட்டும், படுத்தால் தூக்கம் வரட்டும். வயிறும் மனசும் சண்டையில்லாமல் ஒரு கூரைக்குக் கீழே குடியிருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் கையில் நீர் வார்க்கும் நாளில் உங்கள் கை நடுங்காமல் இருக்கட்டும். உங்களைக் கேட்க வேண்டிய கேள்வியை, உங்களுக்குப் புரிகிற வார்த்தையில் கேட்கிற ஒருவர், உங்கள் வீட்டு வாசலுக்குக் கிட்டத்திலேயே எப்போதும் இருக்கட்டும்.